அட்டை டப்பாவும் ஒரு லிட்டர் தண்ணீரும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தைத் தொடர்ந்து படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நானும் செக்கிங்கில் இருந்தேன், பாப்பா பிறந்த பிறகு போகவில்லை. அவளுக்கு இப்போது பதினாறு மாதம், ஒன்பது கிலோ.

இந்த ஒரு வருஷத்தில் எங்களுக்கு எல்லாமே நடந்துவிட்டது. தையில் பாப்பா குப்புற விழுந்தாள். வைகாசியில் பழனியில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். ஆவணியில் முதல் பிறந்தநாள். அதே ஆவணியில் அமெரிக்காக்காரன் 50 சதவீதம் வரி போட்டான். ஒன்றரை ஷிப்ட் ஓடியது ஒரு ஷிப்ட் ஆனது, சில வாரம் அதுவும் இல்லை. என் செயின் இப்போது பேங்கில் இருக்கிறது.

தீபாவளி போனஸில் ராமேஸ்வரம் போனோம், பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் போவதைப் பாப்பாவுக்குக் காட்ட. இரண்டாம் நாள் அவளுக்குப் பேதி. மெடிக்கலில் ஆப்பிள் ருசியில் அட்டை டப்பா ஓ.ஆர்.எஸ். (பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) கொடுத்தார்கள். நாலு டப்பா குடித்தும் நிற்கவில்லை, அதிகமானது. வேறு கடையில் பவுடர் பாக்கெட் தந்தார்கள். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுத்தோம். வயிறு ஓயட்டும் என்று ஒரு பகல் முழுக்கச் சோறும் தாய்ப்பாலும் நிறுத்தினோம். கடைசியில் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள். ஜிங்க் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். பேதி நின்றதும் அதை நிறுத்திவிட்டோம்.

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றினால் இப்படித்தான் என்கிறார் மாமியார். பல் முளைக்கிற பேதி என்கிறார் அம்மா. தையில் குலதெய்வம் கோயிலுக்குப் போக வேண்டும், பயமாக இருக்கிறது. ஆனால் நான் கேட்க வந்தது வேறு. இந்த வருஷத்தை ஒரு நோட்டில் எழுதி, பாப்பா பெரியவளானதும் கொடுக்க ஆசை. எங்கிருந்து ஆரம்பிப்பது? கஷ்டத்தையும் எழுதலாமா?

ஒரு வாசகி, திருப்பூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

எழுதுங்கள். கஷ்டத்தைத் தொகையோடு எழுதுங்கள்: சனிக்கிழமை எவ்வளவு சம்பளம் வந்தது, செயினை எத்தனைக்கு வைத்தீர்கள், மொட்டை போட்ட அன்று உண்டியலில் எவ்வளவு போட்டீர்கள் என்று. தேதி போடுங்கள். அழகாக எழுத மெனக்கெடாதீர்கள், அழகாக எழுதப்பட்ட குடும்ப நோட்டுகளில் உண்மை குறைவாகத்தான் இருக்கும். எங்கிருந்து ஆரம்பித்தாலும் சரி.

இப்போது அந்த ஆப்பிள் டப்பாவுக்கு வருகிறேன். அக்டோபரிலிருந்து அந்த டப்பாதான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் கடிதத்தில் அது இரண்டே வரியில் வந்து போகிறது. எனக்கு அதைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

நீங்கள் ராமேஸ்வரம் போனது அக்டோபர் மூன்றாவது வாரம். அதற்குச் சில நாள் முன்பு, 2025 அக்டோபர் 14, 15 தேதிகளில், இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஓர் உத்தரவு போட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத எந்தப் பானத்தின் பெயரிலும், முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொண்டுகூட, ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகள் வரக் கூடாது. அதற்கு முன் என்ன நிலைமை தெரியுமா? ‘இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ஓ.ஆர்.எஸ். அல்ல’ என்று ஒரு வரியை அட்டையில் போட்டுவிட்டு, அதே அட்டையின் முகப்பில் பெரிதாக ஓ.ஆர்.எஸ். என்று போட்டுக்கொள்ள 2022 ஜூலையிலிருந்து அனுமதி இருந்தது. இப்படிப் பெயர் போட்டு விற்பதை எதிர்த்து ஹைதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் எட்டு வருஷம் போராடினார், நீதிமன்றம்வரை போனார். உத்தரவு வந்தது. ஆனால் உத்தரவு வந்த மறுநாளே கடை அலமாரிகள் காலியாகிவிடுமா?

பாப்பாவுக்கு ஏன் அதிகமானது என்று சொல்கிறேன். பேதியில் குடல் தண்ணீரை உறிஞ்சும் சக்தியை முழுக்க இழப்பதில்லை. சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்துப் பிடித்து உள்ளே இழுக்கும் ஒரு வழி, காலராவில்கூட, வேலை செய்துகொண்டேயிருக்கிறது. இரண்டும் உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2002 அளவில் லிட்டருக்கு 75 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அளவு) சோடியம், அதே 75 மில்லிமோல் குளுக்கோஸ் என்று வைத்திருக்கிறார்கள். கிராமில் சொன்னால் சமையல் உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9, மொத்தம் 20.5 கிராம். சர்க்கரை இதைவிடப் பல மடங்கு ஏறினால் கதை தலைகீழாகிவிடும். உறிஞ்ச முடியாத சர்க்கரை குடலில் தங்கி, உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். குழந்தை குடிக்கக் குடிக்கப் போகும். நாலு டப்பா என்று எழுதியிருக்கிறீர்கள்.

இனி வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். உண்மையான ஓ.ஆர்.எஸ். ஒரு மருந்து, அதில் மருந்து தயாரிப்பு உரிம எண் இருக்கும். மற்றவை உணவுப் பண்டம், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருக்கும். டப்பாவில் வருவதெல்லாம் பொய் என்று சொல்லவில்லை. சரியான அளவில் கலந்தே விற்கும் 200 மில்லி டப்பாவும் உண்டு, அதிலும் மருந்து உரிம எண் இருக்கும், குளுக்கோஸ் 2.7 கிராம்தான் இருக்கும். சர்க்கரை 20 கிராம் என்று கண்டால் அது ஜூஸ். கம்பெனி லேபிளில் ஒரு எழுத்து மாறினால் கண்டுபிடித்துவிடுகிற செக்கிங் கண் உங்களுடையது, தங்கச்சி. அதை மெடிக்கல் வாசலில் ஏன் மூடிக்கொண்டீர்கள்?

சரி, டப்பா கடைக்காரர் செய்த தப்பு. பவுடர் பாக்கெட்டை டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தது யார் செய்த தப்பு? உங்கள் வயிற்றெரிச்சல் தெரியாமல் திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். ஊரில் பாதிப் பேர் இதையேதான் செய்கிறார்கள், செய்துவிட்டு ‘ஓ.ஆர்.எஸ். கேட்கவில்லை’ என்கிறார்கள். பாக்கெட்டில் ‘ஒரு லிட்டருக்கு’ என்று போட்டிருந்தால் முழுப் பாக்கெட்டும் முழு லிட்டருக்குத்தான். பாதிப் பாக்கெட் பாதி லிட்டருக்கு என்ற கணக்கும் கிடையாது. உள்ளே உப்பும் குளுக்கோஸும் தனித்தனிப் பொடி, அசைவில் ஒன்று மேலே ஒன்று கீழே போய்ப் பிரிந்திருக்கும். ஸ்பூனில் அள்ளினால் எது வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, கம்பெனிக்காரனுக்கும் தெரியாது. உப்பு கூடினால் ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்புவரை போகும். குறைந்தால் வெறும் தண்ணீர் கொடுத்த மாதிரி. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் விற்கிறது, இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். முதலில் அந்த எண்ணைத்தான் படிக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டில் லிட்டருக்கு எங்கே போவது என்பீர்கள். விற்கிற தண்ணீர் பாட்டில் ஒரு லிட்டர்தானே. புது பாட்டிலைத் திறந்து, சுத்தமான டம்ளரில் கால்வாசி ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட் முழுவதையும் பாட்டிலில் கொட்டி, மூடிக் குலுக்குங்கள். பொடி கரைந்ததும் டம்ளர் தண்ணீரைத் திரும்ப ஊற்றி இன்னொரு தடவை குலுக்குங்கள். முதலிலேயே முழு பாட்டிலில் கொட்டினால் பொங்கி வழிந்து அளவு போய்விடும். கலந்ததும் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், கண்ணீரைவிட அதிகமாகக் கரிக்கக் கூடாது. சர்க்கரை, பால், ஜூஸ் எதுவும் சேர்க்காதீர்கள், கலந்த பிறகு கொதிக்க வைக்காதீர்கள். 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கவும்.

கொடுப்பது கரண்டியால். பால் பாட்டிலில் கொடுத்தால் தாகத்தில் மடமடவென்று குடித்து வாந்தி எடுக்கும். வாந்தி வந்தால் பத்து நிமிஷம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன் என்று திரும்ப ஆரம்பியுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி. கண் உள்வாங்கி, தண்ணீரைக் கண்டதும் பறந்தால் அளவு வேறு. கிலோவுக்கு 75 மில்லி, உங்கள் பாப்பாவின் ஒன்பது கிலோவுக்கு 675 மில்லி, நான்கு மணி நேரத்தில். அதை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஆஸ்பத்திரியிலோ உட்கார்ந்து, அவர்கள் பார்க்கப் பார்க்கக் கொடுக்க வேண்டும்.

இது ஸ்பூனால் ஆகிற காரியமா, டிரிப் ஏற்றினால்தானே வைத்தியம் என்று நினைப்பவர்களுக்கு 1971-இன் கதை ஒன்று உண்டு. வங்கதேசப் போரில் அகதிகள் மேற்கு வங்கத்தின் பங்காவ் முகாமில் குவிந்தபோது காலரா பரவியது. ஏற்றுவதற்கு பாட்டில் இல்லை. திலீப் மஹலனாபிஸ் என்ற மருத்துவர் லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று பொட்டலம் கட்டி, உறவினர்களையே கோப்பையால் புகட்டச் சொன்னார். 30 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருந்த சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. 2022-இல் அவர் காலமான பிறகுதான் அரசாங்கம் பத்ம விபூஷண் கொடுத்தது. பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்க வேண்டிய பெயர்.

உங்கள் மாமியாரின் பேச்சை விட்டுவிடுங்கள். வீட்டிலேயே இருக்கும் குழந்தைக்கும்தான் பேதி வருகிறது. பல் கதையும் வேண்டாம். அந்த வயதில் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கிறது, கிருமி அப்படிப் போகிறது, பல் அதே நேரத்தில் முளைக்கிறது, அவ்வளவுதான். குடலேற்றம் என்று வயிற்றைத் தடவுவது, தொக்கம் எடுப்பது எல்லாம் யார் சொன்னாலும் கிட்டே சேர்க்காதீர்கள். அதில் கரைகிற ஒவ்வொரு மணி நேரமும் பாப்பாவின் உடம்புத் தண்ணீர்.

ஆனால் தாய்ப்பாலை நிறுத்தினீர்களே, அதற்கு என்ன சமாதானம்? ஓய்வு கொடுத்தால் வயிறு சரியாகும் என்பது பழைய பொய். பட்டினி கிடந்த குடல் இன்னும் மெதுவாகத்தான் ஆறும். பால் வழக்கத்தைவிட அதிகத் தடவை கொடுக்க வேண்டும். இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம், குழைந்த பருப்புச் சோறு எல்லாம் கொடுக்கலாம். உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் நல்லது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம், ஓ.ஆர்.எஸ்.-க்கு பதிலாக அதை நம்பாதீர்கள். பேதி நின்ற பிறகு இரண்டு வாரம் நாளைக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள்.

ஜிங்க்கை நின்றதும் நிறுத்தியது அடுத்த தப்பு. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராம், தினம் ஒரு மாத்திரை, பேதி நின்றாலும் 14 நாள். ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்தால் கரையும். அது இந்தப் பேதியை மட்டும் குறைப்பதில்லை, அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப வருவதையும் குறைக்கிறது. தையில் பயணம் வைத்திருக்கிறீர்கள், கணக்குப் பாருங்கள்.

போய் வாருங்கள், தாராளமாக. பையில் ஒரு லிட்டர் பாக்கெட் இரண்டு, எவர்சில்வர் ஸ்பூன், சோப்பு, தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டும் ஜிங்க்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கும், கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்கலாம். வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் நிறுத்து மருந்து, ஆன்டிபயாட்டிக் என்று எதையும் நீங்களாக வாங்காதீர்கள். பயணத்தில் டயாப்பர் போட்டால் மூத்திரம் போகிறதா என்று தெரியாது. பேதி வந்த அன்றைக்காவது கழற்றிவிட்டு துணி கட்டுங்கள்.

மலத்தில் ரத்தம், குடிக்க மறுப்பது, குடித்ததையெல்லாம் கக்குவது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லாதது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே படியாமல் நிற்பது – இதில் ஒன்று கண்டால் கோயிலில் பூசை பாதியில் இருந்தாலும் கிளம்புங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். குழந்தை விழுங்குகிற நிலையில் இருந்தால், வண்டியில் போகும்போதும் மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து ஸ்பூனை நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே போங்கள்.

அன்புடன்,
அக்கா