இருபத்தைந்தில் ஒரு பங்கு: வாசகர் கேள்வி – பதில்

பழைய அமெரிக்க கார்களின் மாதிரிகளை, உண்மை அளவில் இருபத்தைந்தில் ஒரு பங்காக, பிளாஸ்டிக் கிட்டிலிருந்து (ஒட்டிச் சேர்க்கும் பாகங்களின் தொகுப்பு) கட்டும் பினாங்கு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களுள் நான்கினுக்கு இம்மாதம் விடை தரப்படுகிறது.

கேள்வி: 1957 ஷெவர்லே பெல் ஏர் மாதிரிக்கு, மழை விட்ட ஒரு மாலையில், எங்கள் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் நின்று கறுப்பு லேக்கர் ஸ்ப்ரே அடித்தேன். காய்ந்தபின் கூரையிலும் பின் இறக்கைகளிலும் பால் படர்ந்ததுபோல் வெண்மை தெரிகிறது. வண்ணம் மட்டமானதா? எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டுமா? (ஒரு வாசகர், பாயான் லெப்பாஸ்)

பதில்: வண்ணத்தின்மீது குறையில்லை, நீங்கள் தேர்ந்த வேளைதான் தவறு. விரைவில் காயும் வண்ணமான லேக்கரில் அதை இளக்கக் கலந்துள்ள தின்னர் மிக விரைவாக ஆவியாகும்போது, அது படிந்திருக்கும் பரப்பின் வெப்பத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. அப்படிக் குளிர்ந்த பரப்பின்மேல் காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படிந்து, இன்னும் காயாத வண்ணத்துக்குள் சிக்கிக்கொள்கிறது. அதுவே நீங்கள் காணும் வெண்மை. பினாங்கில் விடியற்காலையிலும் மழைக்குப் பிந்தைய மாலையிலும் ஈரப்பதம் 90 விழுக்காட்டை எட்டுவது வழக்கம்; வெயில் ஏறிய பிற்பகலில்தான் அது ஓரளவு இறங்குகிறது. ஆகவே, மழையில்லாத நாளில், நண்பகலுக்கும் மூன்று மணிக்கும் இடையே அடிப்பதே நல்லது. மழை மிகுந்த செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நான் உடற்பகுதிக்கு வண்ணம் அடிப்பதே இல்லை. இருக்கை, எஞ்சின், சேசிஸ் (அடிச்சட்டம்) வேலைகளை அப்போது முடித்துக்கொண்டு, ஜனவரி வறட்சிக்காகக் காத்திருப்பேன்.

சுரண்ட வேண்டாம். குளிர்சாதனம் ஓடும் அறையில் மாதிரியை ஒரு நாள் வைத்திருந்துவிட்டு, மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரை, காற்றழுத்தத்தால் தூவும் ஏர்பிரஷால் மிக மெல்லிய புகையாக ஒருமுறை அதன்மேல் செலுத்துங்கள். மேற்பரப்பு சற்று இளகி, சிக்கிய ஈரம் வெளியேற, கறுப்பு திரும்பிவிடும். கை தாராளமானால் தின்னர் அடியிலுள்ள பிளாஸ்டிக்கையே கடித்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

அடுத்த முறை மெல்லிய பூச்சுகளாகவே அடியுங்கள். அந்தக் கார் ஏறத்தாழ 5.08 மீட்டர் நீளமானது. 1/25 அளவில் அது 20 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. உங்கள் பூச்சு 0.1 மில்லிமீட்டர் தடித்தால், உண்மைக் காரில் 2.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள வண்ணத்தைப் பூசியதற்கு அது சமம். கதவிடுக்குகள் தூர்ந்துபோவதும் எழுத்துச் சின்னங்கள் மழுங்குவதும் இதனால்தான். மாதிரியை மேம்படுத்துவது என்றவுடன் பலர் எதைச் சேர்க்கலாம் என்று கடைக்கு ஓடுகிறார்கள். அளவுக்கு மீறித் தடித்திருப்பதைக் குறைப்பதே முதல் வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கேள்வி: கிட்டில் வரும் குரோம் பாகங்கள் பொம்மைபோல் பளபளக்கின்றன. பக்கவாட்டு உலோகப் பட்டைகளையும் பெயர்ச் சின்னத்தையும் எப்படிச் செய்வது? நானும் 1957 பெல் ஏர்தான் கட்டுகிறேன். (ஒரு வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: இந்தக் காரைத் தேர்ந்தவர் ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்: அதன்மேல் இருப்பது ஒரே உலோகம் அன்று. பம்பர் பளிச்சென்ற குரோம். பக்கவாட்டுப் பட்டைகள் சற்றே அடங்கிய துருப்பிடிக்காத எஃகு. பின்பக்கத்தில் அப்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் வரிவரியான தகடு ஒளி மங்கிய அலுமினியம். முன் கிரில்லின் வலை பொன்னிறம். கிட் செய்பவர் கிரில்லுக்கும் பம்பருக்கும் ஒரே பூச்சைக் கொடுத்துவிடுவதால்தான் பொம்மைத் தோற்றம் வருகிறது.

கிட்டின் குரோம் என்பது, ஒரு லேக்கர் படிவத்தின்மேல் வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம். துணி வெளுக்கும் திரவத்தில் பாகங்களை ஊறவைத்தால் அது சிறிது நேரத்தில் கரைந்துவிடும். கையுறை அணிந்து, சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். வேறு எந்தக் கழுவு திரவத்தையும் அதனுடன் கலக்காதீர்கள். பிறகு அச்சுக்கோடுகளை 600, 1000 எண் உப்புத்தாளால் நீரில் நனைத்துத் தேய்த்து நீக்கி, பளபளப்பான கறுப்பு அடித்து, அது நன்றாக இறுகியபின் குரோம் வண்ணத்தை மிக மெல்லியதாகத் தூவுங்கள். அடிக் கறுப்பில் ஒரு தூசி இருந்தாலும் குரோம் அதைக் காட்டிக்கொடுக்கும்.

பட்டைகளுக்கு, பின்புறம் பசையுள்ள மெல்லிய உலோகத் தாளே சிறந்தது. பஞ்சுக் குச்சியால் நீவிப் படியவைத்து, புதிய கத்தி முனையால் ஓரத்தை அறுத்தெடுங்கள்; மழுங்கிய முனை தாளைக் கிழிக்கும். பெயர்ச் சின்னத்துக்கு இதே தாளை வண்ணத்துக்கு முன்பே ஒட்டிவிட வேண்டும். மேலே வண்ணம் அடித்து, அது முழுமையாக இறுகுவதற்குள், தின்னரில் நனைத்துப் பிழிந்த துணியை விரலில் சுற்றி எழுத்துகளின் மேடுகளை மட்டும் மெல்லத் தடவினால், வண்ணம் விலகி அடியிலுள்ள உலோகம் எழுத்தாகத் தெரியும். தூரிகையால் இவ்வளவு நுண்மையாக வெள்ளி தீட்ட எவராலும் இயலாது.

கேள்வி: என் தாத்தா தோட்டத்துத் துரையின் ஃபோர்டு காரை ஓட்டியவர். அதன் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருந்தது என்பார். கிட்டில் இடப்பக்கம் உள்ளதை மாற்றுவது முறையாகுமா? (ஒரு வாசகி, ஜார்ஜ்டவுன்)

பதில்: முறையே, அம்மா. இங்கு ஓடிய ஃபோர்டு கார்களுக்குக் கனடாத் தொடர்பு உண்டு. மலாயா ஃபோர்டு நிறுவனம், பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளுக்கு வலப்பக்க ஸ்டீயரிங் கார்களை அனுப்பிய கனடா ஃபோர்டின் கிளையாக இயங்கியது. சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் 1941-இல் அது திறந்த தொழிற்சாலையிலும் கார்கள் ஒன்றுசேர்க்கப்பட்டன. பிரிட்டிஷ் படை 1942 பிப்ரவரி 15 அன்று சரணடைந்ததும் அதே கட்டடத்தில்தான்.

டாஷ்போர்டை மெல்லிய ரம்பத்தால் மூன்றாக வெட்டி, மீட்டர் பகுதியையும் பொருள் வைக்கும் பெட்டிப் பகுதியையும் இடம் மாற்றி ஒட்டுங்கள். மூட்டுகளைப் புட்டி என்னும் இடுக்கு நிரப்பும் பசையால் நிரப்பித் தேய்த்தால் வெட்டிய தடம் தெரியாது. பெடல்களும் உடன் மாற வேண்டும். பானெட்டைத் திறந்துவைப்பதாக இருந்தால் ஸ்டீயரிங் பெட்டியையும் எஞ்சினுக்கு வலப்பக்கம் கொண்டுபோக வேண்டியிருக்கும். அது கடினமான வேலை, முதல் முயற்சியில் பானெட்டை மூடிவிடுவதே நலம். எண் பலகையில் கறுப்பின்மேல் வெள்ளையாக, பினாங்குக்குரிய ‘பி’ எழுத்தை முதலில் இடுங்கள். குடும்பப் படம் ஏதேனும் இருந்தால் எண்ணையும் அதிலிருந்தே எடுக்கலாம். விலை கொடுத்து வாங்கும் உலோக உதிரிகள் எவையும் உங்கள் தாத்தாவின் இருக்கைக்கு ஈடாகமாட்டா.

கேள்வி: ஷெவர்லே வி-8 எஞ்சினுக்கு ஒயர் இழுக்க எத்தனை, எவ்வளவு தடிப்பு, எந்த வரிசை? (ஒரு வாசகர், பிறை)

பதில்: தீப்பொறி பிளக்குகளுக்கு எட்டும், மின்னழுத்தத்தை உயர்த்தும் காயிலுக்கு ஒன்றுமாக ஒன்பது. உண்மை ஒயர் 7 மில்லிமீட்டர் என்பதால் 0.3 மில்லிமீட்டர் இழை போதும். கடையில் கிடைக்கும் தடித்த ஒயர் தோட்டக் குழாய்போல் தோன்றும். இந்த எஞ்சினில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டர் பின்புறம் உள்ளது. சிலிண்டர் எண்கள், அமெரிக்க காரில் ஓட்டுநர் அமரும் இடப்பக்கம் முன்னிருந்து 1, 3, 5, 7; வலப்பக்கம் 2, 4, 6, 8; தீப்பொறி வரிசை 1-8-4-3-6-5-7-2. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் கடிகாரச் சுற்றாக இந்த வரிசைப்படி ஒயர்களைச் செருகி, எஞ்சினுக்கு ஆரஞ்சு வண்ணம் அடித்துக் காய்ந்த பிறகே பிளக் முனைகளை ஒட்டுங்கள்.