பால் தீய்ந்த வாடை யாருக்கு வந்தது?

கேள்வி: எனக்கு வயது 38. எண்ணூரில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு வசிக்கிறேன். பாரிமுனையில் கணக்கு எழுதும் வேலை. படபடப்பும் கோபமும் அதிகமாகிவிட்டதால் மைண்ட்ஃபுல்னஸ், அதாவது செய்வதில் முழுக் கவனம் வைக்கும் தியான வகுப்பில் சேர்ந்தேன். ஓர் உலர்திராட்சையைப் பார்த்து, தடவி, முகர்ந்து, மெல்ல மென்று சாப்பிடக் கற்றுக்கொடுத்தார்கள். தினமும் காலையில் மாடியில் இயர்போன் மாட்டிக்கொண்டு மழைச் சத்தம் கேட்கிறேன். கீழே இறங்கினால் எல்லாம் கலைந்துவிடுகிறது. சென்ற வாரம் பால் அடிப்பிடித்து, தீய்ந்த வாடை மாடிவரை வந்தது. அடுப்புக்கு எதிரிலேயே அம்மா தரையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருக்கிறார், அசையவில்லை. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். குழம்பிலும் உப்பை அள்ளிக் கொட்டுகிறார். நான் ஓட்டலிலிருந்து வரவழைத்து அறையில் தனியாகச் சாப்பிடுகிறேன். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்று என்னைப் படிக்க வைத்தவர்தான். இப்போது மீன் வாங்கக்கூட மருமகளை அனுப்புகிறார். என்னை நான் அறிந்துகொள்ளப் பத்து நாள் மௌன முகாமுக்குப் போகலாமா?

பதில்: முகாம் இருக்கட்டும் தம்பி. உங்கள் அம்மாவுக்கு வாசனை தெரிகிறதா?

கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பால் தீய்ந்த வாடை மாடியில் இருந்த உங்களுக்கு வந்திருக்கிறது. அடுப்பின் எதிரில் இருந்தவருக்கு வரவில்லை. குழம்பில் உப்பு ஏறிக்கொண்டே போகிறது. மீன் வியாபாரம் செய்தவர், கூடையைத் திறக்கும்போதே எது நேற்றைய மீன் என்று சொல்லியிருக்கக்கூடியவர், மீன் வாங்கப் போவதையே நிறுத்திவிட்டார். இத்தனையையும் எழுதியது நீங்கள். எழுதியபின்னும் அது உங்கள் தியானத்துக்கு வந்த இடைஞ்சலாகத்தான் தெரிந்திருக்கிறது. ஓர் உலர்திராட்சைக்குக் கொடுத்த பொறுமையில் ஒரு துளியைப் பெற்ற தாய்க்குக் கொடுக்கவில்லையே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

என்ன காரணம் என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆனால் நீங்கள் சொல்லியிருக்கும் அறிகுறிகள் சேர்ந்து வந்தால் முதலில் மூக்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். சாப்பாட்டின் ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி மூக்கு வழியாக வருவது. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு ஆகியவை நாக்குக்குத் தெரியும். குழம்பின் மணம் தெரியாது. மணம் போய்விட்டால் எல்லாம் சப்பென்று ஆகிவிடும். சப்பென்று இருப்பதைச் சரிசெய்யச் சமைப்பவரின் கை தானாக உப்புக்கும் புளிக்கும் போகும். அவருக்கு இரத்த அழுத்தம் இருந்தால் அந்த உப்பே விஷம். மாத்திரை சாப்பிடுகிறாரா என்றாவது உங்களுக்குத் தெரியுமா?

கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்கிறீர்கள். அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். மூக்கையும் கையையும் நம்பி ஒரு குடும்பத்தைக் கரையேற்றியவர், அந்த மூக்கு தன்னைக் கைவிட்டுவிட்டது என்பதை மகனிடம் எந்த வாயால் சொல்வார்? அதிலும் காதை அடைத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருக்கும் மகனிடம்? சொல்லாமல் விட்டதையும் கேட்கத் தெரிந்தால்தான் நீங்கள் கேட்கப் பழகியிருக்கிறீர்கள் என்று பொருள். பதிவு செய்த மழை உங்களிடம் எதையும் மறைக்காது, எதையும் கேட்காது. அதனால்தான் அதைக் கேட்பது சுகமாக இருக்கிறது.

நான் பயப்படுவது உப்புக்காக மட்டும் இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்ததை உங்கள் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அம்மோனியா கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். வாசனை தெரியாதவரைக்கூட அது எழுப்பிவிடும். உங்கள் சமையலறை சிலிண்டரில் இருக்கும் வாயு அப்படி எரிக்காது. அதற்கென்று சொந்த வாடைகூடக் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளை அதில் கலக்கிறார்கள். அந்த நாற்றம் ஒன்றுதான் வீட்டாருக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு படியும். உங்கள் அம்மா உட்கார்ந்து பூ கட்டுவதும் அதே தரையில்தான். நீங்கள் வேலைக்கும், மனைவி வெளியிலும், பிள்ளைகள் பள்ளிக்கும் போனபின் அந்த வீட்டில் அடுப்போடு தனியாக இருப்பவர் அவர். அன்று தீய்ந்தது பால் என்பது உங்கள் நல்ல காலம்.

ஆகவே இந்த வாரமே ஒரு நாள் விடுப்பு எடுங்கள். காலையிலேயே அம்மாவை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். மனைவியை அனுப்பாதீர்கள், மாமியாருக்குச் சமையலறையில் துணையிருப்பதும் மீன் வாங்குவதும் ஏற்கெனவே அந்தப் பெண் தலையில்தான் விழுந்திருக்கிறது. இது மகனின் கடமை. மூக்கில் சதை வளர்ச்சி, சைனஸ், கோவிட் போன்ற தொற்று, சில மருந்துகள், முதுமை எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். சிலருக்குப் பார்க்கின்சன், அல்சைமர் போன்ற நரம்பு நோய்களுக்கு முன்னால் வாசனை மங்குவதும் உண்டு. அதனால் வயதாகிவிட்டது என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். சிலிண்டர் ரப்பர் குழாயையும் ரெகுலேட்டரையும் சோதிக்கச் சொல்லுங்கள். எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906. அதைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கசிவை அறிந்து ஒலிக்கும் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. ஓட்டல் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒன்று வாங்கிவிடலாம்.

உங்கள் பயிற்சியை நான் பழிக்கவில்லை. 1979-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் என்பவர் இதைத் தொடங்கியது, நாள்பட்ட வலியோடு வாழும் நோயாளிகளுக்காக. வலியை விட்டு ஓடாமல், அதோடு இருக்கக் கற்றுக்கொடுத்த பயிற்சி அது. நீங்களோ வீட்டை விட்டு எழுந்து போவதற்கு அதை எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களை அறிய வேண்டும் என்கிறீர்களே, பால் தீய்ந்த அந்த நொடியில் உங்களுக்குள் முதலில் எழுந்தது என்ன? எரிச்சல். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்ற பதற்றம் எழவில்லை. பத்து நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்து தேட வேண்டியதில்லை. நீங்களே எழுதி, தபால்தலை ஒட்டி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

மருத்துவர் சரி என்றால் வாசனைப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என நான்கு வாசனைகளைக் காலையும் மாலையும் ஒவ்வொன்றாக, சில விநாடிகள், கவனத்தோடு முகர வேண்டும். குறைந்தது மூன்று மாதம் விடாமல் செய்ய வேண்டும். எல்லோருக்கும் பலிக்காது, பலருக்கு ஓரளவு திரும்புகிறது. இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து நீங்களும் சேர்ந்து முகருங்கள். இன்று ஏதாவது தெரிந்ததா என்று கேளுங்கள். கேட்டபின் அவர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். மௌனம் பழக வேண்டிய இடம் அது.

இன்றிரவு ஓட்டல் சாப்பாடு வேண்டாம். எல்லோரோடும் உட்கார்ந்து அவர் வைத்த குழம்பைச் சாப்பிடுங்கள். உப்பு கூடியிருந்தால் முகம் சுளிக்காமல், "உப்பு கொஞ்சம் கூடிவிட்டதம்மா" என்று சொல்லுங்கள். அவருக்கு இப்போது அதைச் சொல்ல ஆள் வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியலில் அவரையும் கூட்டிக்கொண்டு காசிமேட்டுக்குப் போங்கள். மீனின் கண் தெளிந்திருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை குழி விழாமல் எழும்புகிறதா என்று பார்ப்பதெல்லாம் இன்றும் அவர் கைக்கும் கண்ணுக்கும் வரும். முகர்ந்து சொல்வது மட்டும் உங்கள் வேலை. விலை பேசுவதை அவரிடமே விட்டுவிடுங்கள்.