எழுதுவது கடைசி வேலை

கேள்வி: நான் வணிகவியல் பட்டதாரி. ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பள்ளி நாட்களிலிருந்தே கவிதை, கட்டுரைப் போட்டிகளில் பரிசு வாங்கியிருக்கிறேன். பத்திரிகையாளராக வேண்டும் என்று ஆசை. இதழியல் படிப்பில் சேர இப்போது வசதியில்லை. நானாகவே கற்றுக்கொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முடியும். ஆனால் அந்தப் பரிசுகளைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். அழகாக எழுத வருகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: தகவலில் ஓட்டை இருந்தால் அதை நல்ல வாக்கியத்தால் மூடிவிடுவார்கள். தணிக்கை அலுவலக வேலையைப் போகிறபோக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், அதுதான் உங்கள் முதலீடு.

யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளும் எந்தப் பாடப் புத்தகத்திலும் கிடைக்கும். நீங்கள் பழக வேண்டியது ஏழாவது கேள்வி: ‘இது உங்களுக்கு எப்படித் தெரியும்?’ சொல்கிறவர் நேரில் பார்த்தாரா, பிறர் சொல்லக் கேட்டாரா, கையில் ஆவணம் வைத்திருக்கிறாரா? பணிவாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அதுவே ஒரு தகவல்தான்.

முதல் பயிற்சியாக, பொதுமக்களை அனுமதிக்கும் ஏதாவது ஒரு கூட்டத்துக்குப் போங்கள். நகர மன்றக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக எழுதுகிறவர் பெரும்பாலும் இப்படித் தொடங்குவார்: ‘நகர மன்றக் கூட்டம் தலைவர் தலைமையில் நேற்று மாலை நடைபெற்றது. இதில் பல்வேறு பொருள்கள் குறித்து விவாதிக்கப்பட்டது.’ இதில் செய்தி எங்கே? கூட்டம் என்றால் நடக்கத்தான் செய்யும். பதினோராவது தீர்மானமாக யாரும் கவனிக்காமல் ஒன்று நிறைவேறியிருக்கும்; அதை எடுத்து முதல் வரியில் வையுங்கள்: ‘அடுத்த மாதத்திலிருந்து நகர நூலகம் ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்திருக்காது.’ அடுத்த வரியில் காரணம், அதைச் சொன்னவர் யார் என்பது. பிறகு எதிர்த்தவர்கள் சொன்னது. தலைவர் உரை கடைசியில், இடமிருந்தால். முக்கியமானதை மேலே வைத்து இறங்கும் இந்த அமைப்பைத் தலைகீழ்ப் பிரமிடு என்பார்கள். பக்கத்தில் இடம் போதாமல் உதவி ஆசிரியர் அடியிலிருந்து வெட்டினாலும் செய்தி பிழைத்துக்கொள்ளும்.

கூட்டம் முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். நூலகரைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள்; வருகைப் பதிவேடு இருந்தால் பார்க்க அனுமதி கேளுங்கள். அங்கே உட்கார்ந்து படிக்கும் ஒருவரிடம் பேசுங்கள். பெயரை அவரையே எழுதித் தரச் சொல்லுங்கள். காதில் விழுந்தபடி எழுதிய பெயர்தான் அதிகம் தப்பாகிறது. பேச்சை ஒலிப்பதிவு செய்தாலும் குறிப்பேட்டை விடாதீர்கள். முக்கியமான பேச்சு வரும்போது நேரத்தைக் குறித்துக்கொண்டால், பிறகு முழுப் பதிவையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எண்களில்தான் உங்கள் தொழில் கைகொடுக்கும். ஒரு வரி 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகிறது. இது ‘2 சதவீத உயர்வு’ அல்ல. 2 சதவீதப் புள்ளிகள் உயர்வு. பழைய வரியோடு ஒப்பிட்டால் 50 சதவீத உயர்வு. ஆளும் தரப்பு சிறிய எண்ணைச் சொல்லும், எதிர்த்தரப்பு பெரிய எண்ணைச் சொல்லும். இரண்டையும் போட்டு வித்தியாசத்தை ஒரு வரியில் விளக்க அனுபவமுள்ள நிருபர்களிலேயே பலர் தடுமாறுவார்கள். வரவு செலவு அறிக்கையைப் பார்த்து மிரளாதவருக்குச் செய்தி அறையில் எப்போதும் இடமுண்டு.

முந்தித் தர வேண்டும் என்ற பரபரப்பு இப்போதே வேண்டாம். 1948 அமெரிக்க அதிபர் தேர்தலில் ட்ரூமனை டூயி தோற்கடித்தார் என்று சிகாகோ டிரிப்யூன் நாளிதழ் கொட்டை எழுத்தில் அச்சிட்டது. அச்சகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் வழக்கத்துக்கு முன்பே பக்கங்களை முடிக்க வேண்டிய நெருக்கடி. முழு முடிவும் வருமுன் கணிப்பை நம்பிவிட்டார்கள். ஜெயித்த ட்ரூமன் அந்த நாளிதழைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கும் படம் இன்றும் உலவுகிறது.

யார் மீதாவது குற்றச்சாட்டு வந்தால், அவருடைய பதிலைக் கேட்காமல் எழுதாதீர்கள். பதில் சொல்ல நியாயமான அவகாசமும் கொடுங்கள். ‘என் பெயர் வேண்டாம்’, ‘இதை வெளியிட வேண்டாம்’ என்பதெல்லாம் பேசத் தொடங்குமுன் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டியவை. ஒப்புக்கொண்டபின் வாக்கு மாறக்கூடாது.

படிப்பில் சேர்ந்தால் கிடைக்கும் பெரிய லாபம், உங்கள் பிரதியில் சிவப்பு மையால் திருத்த ஓர் ஆள். அதற்கு மாற்றாக, தினம் ஒரு செய்தியை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தின் பக்கத்திலும் இதைச் சொன்னது யார் என்று எழுதிப் பாருங்கள். யாரும் சொல்லாத வாக்கியங்கள் தாமாகவே மாட்டிக்கொள்ளும். உங்கள் பிரதியையும் அதே போல் சோதித்துவிட்டு, 300 சொற்களுக்குள் எழுதி எனக்கு அனுப்புங்கள். கவிதை இணைக்க வேண்டாம்.