ஸ்கேன் படிக்க ஆசைப்படும் மகள்: பௌதிகவியலை விடாதீர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் பண விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாத ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) கோர்ஸ் ஒன்றுக்காக நகையை அடகு வைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். மகள் ஓ.எல் முடித்து ஏ.எல் பாடங்களைத் தெரிவு செய்யும் நேரத்தில் இருக்கிறாள். அவள் ஆசைப்படும் வேலைக்கு வழி அந்தத் தெரிவில்தான் இருக்கிறது. அதற்கு இப்போது காசு தேவையில்லை.

அவளுடைய ஆசை நல்ல ஆசை. தாத்தா வார்டில் இருந்தபோது டொக்டர் சட்டைப் பையிலிருந்து சின்னக் கருவி ஒன்றை எடுத்து, போனில் செருகி, கட்டிலிலேயே நெஞ்சைச் சுற்றி நீர் கட்டியிருப்பதைக் காட்டினார் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பார்த்த பிள்ளைக்கு மனதில் பதியாமல் இருக்குமா? லயத்திலிருந்து நோயாளியை மழையில் இறக்கி, ஆட்டோ பிடித்து டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டுபோய், அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினால் இன்னொரு பயணம். அந்தப் பாட்டை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கட்டிலுக்கே வரும் ஸ்கேன் கொழும்பைவிட நம் மலையகத்துக்குத்தான் அதிகம் தேவை.

கருவியின் விலையும் இறங்கி வருகிறது. பட்டர்ஃப்ளை ஐக்யூ என்ற, போனில் செருகும் அப்படியான ஒரு கருவி 2018 வாக்கில் வெளிநாட்டுச் சந்தைக்கு வந்தபோது அதன் விலை 2,000 டொலருக்குச் சற்றுக் கீழே. ஆஸ்பத்திரியின் பெரிய ஸ்கேன் மெஷினோடு ஒப்பிட்டால் அது மிகவும் குறைவு. ஆனால் கருவி மலிவாகிவிட்டதால் வேலையும் லேசாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். கோர்ஸ்காரர்கள் அப்படித்தான் நினைக்க வைக்கிறார்கள்.

டெங்கு நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அந்த ஆபத்தான கட்டம் 24 முதல் 48 மணி நேரம் வரை போகும். டொக்டர் ஜெல் தடவி, வலது பக்க விலாவில் கருவியை வைத்து, ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே பார்ப்பார். நீர் திரையில் கருப்பாகத் தெரியும். அந்த இடத்தில் மெல்லிய கருப்புக் கோடு இருந்தால் வயிற்றுக்குள் நீர் கசிந்திருக்கலாம். ஆனால் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பும் சில நேரம் அதே மாதிரி ஏமாற்றும். பித்தப்பையின் சுவர் தடித்திருக்கிறதா, நுரையீரலைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்து, இரத்தப் பரிசோதனையோடு சேர்த்து யோசித்துத்தான் சேலைன் எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்வார். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது. அப்படிப்பட்ட காலத்தில் இந்த முடிவை ஒரே நாளில் எத்தனை கட்டிலில் எடுக்க வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்று மாதத்தில் அந்தக் கண் வராது. வந்தாலும் பொறுப்பைத் தர மாட்டார்கள். நம் அரச வைத்தியசாலைகளில் ஸ்கேன் பார்த்து அறிக்கை எழுதுவது பெரும்பாலும் டொக்டர்மார்தான். கோர்ஸ்காரர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தச் சான்றிதழை வைத்து இலங்கை மருத்துவ சபையில் பதிய முடியுமா? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

இனி பாடத் தெரிவு. உயிரியல் பிரிவில் உயிரியல், இரசாயனவியலோடு மூன்றாவதாகப் பௌதிகவியலும் எடுக்கலாம், விவசாய விஞ்ஞானமும் எடுக்கலாம். பௌதிகவியல் கஷ்டம் என்றோ, பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் இல்லை என்றோ நம் பிள்ளைகள் பலர் விவசாயத்துக்குப் போய்விடுகிறார்கள். அது நல்ல பாடம்தான், ஆனால் உங்கள் மகள் நினைக்கும் இடத்துக்கு அது போகாது. மருத்துவ பீடத்துக்குப் பௌதிகவியல் கட்டாயம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ரேடியோகிராபி நான்கு வருடப் பட்டப்படிப்பாக இருக்கிறது. எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ எடுக்கும் வேலைக்கு அதைப் படித்து வருபவர்கள் இருக்கிறார்கள். அதற்கும் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் என்ற அதே மூன்று பாடங்கள்தான். ஸ்கேன் கருவியே பௌதிகவியல்தானே? காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, அது உடம்பின் மென்மையான திசுக்களில் விநாடிக்குச் சுமார் 1,540 மீற்றர் வேகத்தில் போய் எதிரொலித்துத் திரும்பும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்குப் பார்க்கிறது. கருவியைச் செய்வதிலும் பழுது பார்ப்பதிலும்தான் அவளுக்கு ஆர்வம் என்றால் கணிதப் பிரிவு எடுக்கட்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவப் பொறியியல் இருக்கிறது. எது பிடிக்கும் என்று அவளிடமே கேளுங்கள், நீங்களோ நானோ முடிவு செய்ய வேண்டாம்.

கம்பஸ் நமக்கெல்லாம் எட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். எட்டும். இந்தப் படிப்புகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டக் கோட்டாவிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று இடம் பிரிக்கிறார்கள். நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன, கண்டி இல்லை. அதனால் நல்ல டியூஷன் கிடைக்கும் என்று அவளைக் கண்டிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவதற்கு முன், எந்த மாவட்டத்தில் அவளைச் சேர்ப்பார்கள் என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பார்த்துவிடுங்கள். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. மஹாபொல உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். ஏ.எல் தமிழில் எழுதலாம், ஆனால் அங்கே போனால் பாடம் ஆங்கிலத்தில். இப்போதிருந்தே தினமும் கொஞ்சம் ஆங்கிலம் வாசிக்கச் சொல்லுங்கள்.

கம்பஸ் அனுமதிக்குப் பார்க்கும் ஏ.எல் இசட் புள்ளி போதாமல் போனாலும் கதவு மூடாது. தாதியர் பயிற்சிக்குச் சுகாதார அமைச்சு வர்த்தமானியில் விண்ணப்பம் கோரும். கட்டில் பக்கத்தில் நோயாளியோடு அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள். சில நாடுகளில் தாதியரும் மருத்துவிச்சிகளும் இந்தக் கைக்கருவியைப் பழகுகிறார்கள். கணினியே படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டால் மனிதருக்கு வேலை இருக்குமா என்று மகள் கேட்டாளாம். கருவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று வழிகாட்டும் மென்பொருள் ஏற்கெனவே வந்துவிட்டது. அது கைக்கு உதவும். பக்கத்தில் நின்று நோயாளியின் மூச்சையும் முகத்தையும் பார்த்து முடிவெடுப்பவர் வேண்டும்தான்.

இந்த வாரமே அதிபரைப் போய்ப் பாருங்கள். ஏ.எல் பௌதிகவியலுக்குத் தமிழ் மொழியில் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, செய்முறைக்கு ஆய்வுகூடம் திறக்கிறார்களா என்று நேராகக் கேளுங்கள். இல்லை என்றால், பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் உள்ள பள்ளிக்கூடங்களின் பெயர்களையும் மகளின் ஓ.எல் பெறுபேற்றையும் எனக்கு அனுப்புங்கள். எங்கே சேர்ப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.