8 ஜிபி இசைக்கருவியில் எம்பி3 அமைப்பு: பதில்

வணக்கம் நண்பரே. ஃப்ளாக் (தரம் குறையாமல் சுருக்கும் ஒலி வடிவம்) கோப்புகளாக எடுத்து வைத்த குறுந்தகடுகளை எம்பி3 மட்டும் வாசிக்கும் 8 ஜிபி கருவியில் ஏற்ற, விநாடிக்கு 320 கிலோபிட் பிட் வீதம் (ஒரு விநாடி இசைக்குச் செலவாகும் தரவின் அளவு) தேவையா என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை என்பதே என் கருத்து.

எம்பி3 கோப்புகளை உருவாக்கும் மென்பொருளான லேம் என்கோடரில், இசைக்கேற்ப மாறும் பிட் வீதத்தைத் தேர்ந்து, தர அளவை வி2 என்று வையுங்கள். சராசரி வீதம் சுமார் 190 கிலோபிட் அளவில் நிற்கும். 320-இல் 55 மணி நேர இசை அடங்கும் இடத்தில் இதில் 90 மணி நேரத்துக்கும் மேல் அடங்கும். பேருந்து இரைச்சலுக்கு நடுவே காதொலிப்பானில் கேட்கும்போது இவ்விரண்டையும் பிரித்தறிய என்னால் முடிந்ததில்லை. ஐயமிருந்தால், எது எதுவென்று தெரியாதபடி ஒருவரை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து சோதித்துப் பாருங்கள். இடது, வலது ஒலிகளில் பொதுவானதைச் சேர்த்துச் சுருக்கும் 'ஜாயின்ட் ஸ்டீரியோ' அமைப்பை அப்படியே விட்டுவிடுங்கள். அது தரத்தைக் கெடுக்கும் என்பது பழைய அச்சம்.

உங்களிடம் ஏற்கெனவே உள்ள 128 கிலோபிட் எம்பி3 பாடல்களை மட்டும் மறுபடி மாற்ற வேண்டாம். முதல் சுருக்கத்தில் போனது திரும்பாது, இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் போகும்.

கச்சேரிப் பதிவுகளில் ஒரு சிக்கல் உண்டு. எம்பி3 கோப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது வெற்றொலி சேர்வதால், பழைய கருவிகளில் ஆலாபனைக்கும் கீர்த்தனைக்கும் இடையே ஒரு சிறு வெட்டு கேட்கும். அத்தகைய தடங்களை முதலில் ஒன்றாக இணைத்து, பிறகு ஒரே கோப்பாக மாற்றிவிடுங்கள்.