பழ ஈயை விதைப் புரதத்தால் விரட்ட முடியுமா? மாடித்தோட்டத்தில் யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

வியாசர்பாடியில் எங்கள் மொட்டை மாடியில் ஒரு நீல டிரம்மில் கொய்யா, பக்கத்துப் பந்தலில் பாகல். இரண்டிலும் பழ ஈ. வெளியே பார்த்தால் நல்ல காய், அறுத்தால் உள்ளே வெள்ளைப் புழு நெளியும். என் மகள் ஆசையாகப் பறித்து வந்த முதல் கொய்யாவே அப்படி இருந்தது. அன்று ராத்திரிதான் இதைத் தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

விதைப் புரதம் பூச்சியைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அரைத்துத் தெளித்தால் பழ ஈ போகாது.

காராமணியையோ மொச்சையையோ வேகவைக்காமல் தின்றால் வயிற்றைப் பிசையும் என்று பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா? அதற்கு ஒரு காரணம், பயறு தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் சில புரதங்கள். குடலில் செரிமானம் செய்யும் டிரிப்சின் என்ற நொதியை அவற்றில் ஒரு வகை கட்டிப்போட்டுவிடும். அடுப்பில் வெந்தால் அதன் வீரியம் பெரும்பாலும் போய்விடும். பூச்சியோ பச்சையாகத் தின்கிறது, தின்றது செரிக்காமல் வளர்ச்சி குன்றிப்போகிறது. சோயாவிலும் புளியங்கொட்டையிலும்கூட இந்த வகைப் புரதம் உண்டு. 1987இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காராமணியில் இந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவை எடுத்துப் புகையிலைச் செடிக்குள் வைத்தார்கள். அந்தச் செடி, புகையிலை மொட்டைத் தின்னும் புழுவை நன்றாகவே எதிர்த்து நின்றது.

இதைப் படித்துவிட்டு நானும் சோயாவை ஊறவைத்து, பச்சையாக அரைத்து, வடிகட்டி மூன்று வாரம் தெளித்தேன். எறும்பு வந்தது, இலையில் புளித்த வாடை வந்தது, காய்க்குள் புழுவும் இருந்தது.

ஏன் என்று பிறகுதான் புரிந்தது. இந்தப் புரதம் பூச்சியின் வயிற்றுக்குள் போனால்தான் வேலை செய்யும், மேலே பட்டால் ஒன்றும் ஆகாது. பழ ஈ தோலைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கிறது. புழு சதைக்குள்ளேயே பிறந்து, அங்கேயே தின்று வளர்கிறது. நாம் தெளிப்பது தோலோடு நின்றுவிடுகிறது. அதோடு, முட்டை வளரத் தாய் ஈக்குப் புரதம் வேண்டும்; புரத வாடை அதை விரட்டாது, இழுக்கத்தான் செய்யும். புரதக் கரைசலில் மருந்து கலந்து ஈயை இழுக்கும் முறையே அதனால்தான் வந்தது. இலையையும் காயையும் வெளியிலிருந்து தின்னும் தக்காளிக் காய்ப்புழு என்றால் கதை வேறு. அங்கேயும் புழு வேறு நொதியைச் சுரந்து தப்பித்துக்கொள்வது உண்டு.

எனக்கு நிஜமாகவே நம்பிக்கை தருவது நம் தெருவேலியில் படரும் சங்குப்பூ. அதில் உள்ள சின்னப் புரதங்களின் இரு முனைகளும் சேர்ந்து வளையல் மாதிரி வட்டமாக இருக்கும், அதனால் எளிதில் சிதையாது. அந்தக் கொடியின் சாற்றிலிருந்து ஆஸ்திரேலியாவில் பருத்திக்கும் மக்கடாமியா என்ற கொட்டை மரத்துக்கும் பூச்சிமருந்து தயாரித்து விற்கிறார்கள். அது ஆலையில் அளவு பார்த்துச் செய்வது, வீட்டு மிக்ஸியில் வராது.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். விதைப் புரதம்தானே என்று ஆமணக்கு விதையையோ குன்றிமணியையோ அரைக்காதீர்கள். அவற்றின் புரதம் மனிதரையே கொல்லும். வேப்பங்கொட்டைக் கரைசல் வேறு ரகம், அதில் வேலை செய்யும் அசாடிராக்டின் என்ற பொருள் ஒரு புரதமே அல்ல.

சரி, இப்போது என்ன செய்கிறேன்? கொய்யா எலுமிச்சை அளவு வந்ததும், பாகல் விரல் நீளம் வந்ததும் துணிப்பை கட்டிவிடுகிறேன். கீழே விழுந்த காயை அன்றே பொறுக்கி, பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி இரண்டு வாரம் வெயிலில் போடுகிறேன். விட்டால் புழு டிரம் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும். கொய்யா ஈயின் ஆணைப் பிடிக்க மெத்தில் யூஜினால் பொறி, பாகல் ஈயின் ஆணுக்கு கியூலூர் பொறி; இரண்டும் ஆண் ஈயை வாசனையால் இழுக்கும் மருந்துகள். ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு உதவாது, கடையில் கேட்டு வாங்குங்கள். போன பருவத்தில் பை கட்டிய கொய்யா ஒன்றில்கூடப் புழு இல்லை.