கொத்துப் பிடிக்கவா பள்ளிக்கூடம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

மலைக்காய்கறி பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். ஊட்டிக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கு ஊரில், மேல்நிலைப் பள்ளியில் வேளாண் அறிவியல் எடுக்கிறேன். தொழிற்பாடப் பிரிவு, பதினொன்றும் பன்னிரண்டும் சேர்த்து 36 பிள்ளைகள். எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். நெல்லையும் உளுந்தையும் தவிர வேறு பயிரைக் கையால் தொட்டதில்லை.

பள்ளிக்குப் பின்னால் ஆறு சென்ட் இடம் இருக்கிறது. போன பிப்ரவரியில் பீன்ஸும் முட்டைக்கோசும் போட்டோம். மார்ச்சில் பரீட்சை, மேயில் லீவு, ஜூனில் வந்து பார்த்தால் இடுப்பளவு களை, மிச்சத்தைக் காட்டெருமை மேய்ந்திருந்தது. இது போதாதென்று இரண்டு பெற்றோர் வந்து, "கொத்துப் பிடிக்க வேண்டாம் என்றுதானே படிக்க அனுப்புகிறோம், இங்கேயும் அதையே செய்ய வைத்தால் எப்படி?" என்று தலைமையாசிரியரிடம் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். பிள்ளைகளில் பாதிப்பேர் வீட்டில் சொந்தத் தோட்டம் இருக்கிறது. மீதிப்பேர் தேயிலைக்கும் கேரட் கழுவும் இடத்துக்கும் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். தோட்டக்கார வீட்டுப் பையன் ஒருவன், நான் மண் அணைப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "கொத்தை இப்படிப் பிடிக்கணும் டீச்சர்" என்று காட்டிக்கொடுத்தான். அன்றிலிருந்து ஒரே கேள்விதான். இவர்களுக்கு நான் எதைக் கற்றுக்கொடுப்பது?

ம.

அன்புள்ள ம.,

அந்தப் பையன் சிரித்தது நல்லதற்குத்தான். கொத்துப் பிடிக்கச் சொல்லித்தருகிற வேலை உங்களுக்கு மிச்சம். அதை அவனிடமே ஒப்படைத்துவிடுங்கள், கூலி வீட்டுப் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் சேர்த்து அவனே வாத்தியாராக இருக்கட்டும்.

முதலில் சுலபமான விஷயம். காட்டெருமையின் மீது தப்பில்லை, நீங்கள் போட்ட மாதம் தப்பு. இங்கே முக்கியப் பயிரான உருளைக்கிழங்குக்கு மூன்று போகம் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். மார்ச், ஏப்ரலில் நடுவது கார்போகம். அது வளர்கிற நேரத்தில் உங்கள் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும். ஜனவரி வாக்கில் நடுவது நீர்போகம். தண்ணீர் கட்டவேண்டிய நாளில் பிள்ளைகள் பரீட்சை ஹாலில் இருப்பார்கள். மிச்சம் ஆகஸ்ட், செப்டம்பரில் நட்டு வருடக் கடைசியில் தோண்டுகிற கடைபோகம். பள்ளிக்கூடத்துக்கு அது ஒன்றுதான் ஒத்துவரும். ஜூனில் பள்ளி திறந்ததும் முள்ளங்கி போடுங்கள், ஒன்றரை மாதத்தில் பிடுங்கிவிடலாம், இடம் காலியாகிவிடும். ஏப்ரல் மழைக்கு லூபின் என்ற தழையுரச் செடியின் விதையைத் தூவிவிட்டு லீவுக்குப் போங்கள், திரும்பி வந்ததும் அதை மண்ணில் மடக்கிக் கொத்திவிட்டால் தழையுரம். காட்டெருமை வந்து தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும், சாணியாவது மிஞ்சும்.

இனி அந்தப் பெற்றோர். அவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று தள்ளிவிடாதீர்கள். நம் ஊரில் அந்தக் கோபத்துக்கு வயது எழுபதுக்கு மேல். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பாதிப் பொழுது பள்ளி, மீதிப் பொழுது வீட்டுத் தொழில் என்று இருந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள், 1954-இல் காமராஜர் முதல்வராக வந்ததும் அதைக் கைவிட்டார். அப்பன் செய்ததையே பிள்ளையும் செய்யட்டும் என்று மேலே இருக்கிற யாரோ முடிவு செய்கிறார்கள் என்கிற சந்தேகம் இன்னும் நம் ரத்தத்தில் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அதிலும் மார்க் குறைந்தவர்களைப் பிடித்துத் தள்ளுகிற குரூப்பாகத் தொழிற்பாடப் பிரிவை நாமே ஆக்கி வைத்திருக்கும்போது அவர்கள் கோபப்படாமல் என்ன செய்வார்கள்?

எனக்கும் பள்ளியில் தோட்ட வகுப்பு இருந்தது. வீட்டுப்பாடம் எழுதாதவர்களுக்கு மட்டும்! ஒன்பதாம் வகுப்பில் நான் பாதி வருடம் அங்கேதான் களை பிடுங்கினேன். விளைந்த முட்டைக்கோஸ் எந்த வீட்டுக்குப் போனது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்த வருடம் மண்ணைப் பற்றி நான் கற்றது ஒன்றுமில்லை. எனவே முதல் காரியமாக, களையெடுப்பதைத் தண்டனையாக யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று உங்கள் தலைமையாசிரியரிடம் சொல்லி வையுங்கள். விளைந்ததை எடை போட்டுப் பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுங்கள், அதையும் எல்லோர் கண்ணெதிரிலும்.

சரி, எதைக் கற்றுக்கொடுப்பது? எங்கள் அப்பா கதையைச் சொல்கிறேன்.

எங்களுக்கு முக்கால் ஏக்கர் இருந்தது. அப்பா அதில் வருடம் தவறாமல் உருளைதான் போடுவார், ஜோதி ரகம். முதலில் மூட்டை மூட்டையாக வந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. செடி ஒரு திட்டில் மட்டும் குட்டையாக நிற்கும், பகலில் வாடும், கிழங்கு கோலிக்குண்டு அளவில் இருக்கும். "மண்ணுக்குச் சலிச்சுப் போச்சு" என்பார். உரத்தைக் கூட்டினார், விதைக்கிழங்கை மாற்றினார், ஒரு வருடம் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். அவரை விட நன்றாக மண் அணைக்கிற ஆளை நான் பார்த்ததில்லை, அதில் சந்தேகமே வேண்டாம். எனக்கு முப்பது வயது தாண்டியபின் ஒருநாள் தோட்டக்கலை படித்த நண்பர் ஒருவர் வந்து, பூ விடுகிற பருவத்தில் இருந்த ஒரு செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை மெல்ல உதறி, கைலென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வேர் முழுக்கக் கடுகை விடச் சின்னதாக வெள்ளையும் மஞ்சளுமாக மணிகள். முட்டைக்கூடு நூற்புழு. அத்தனை வருடம் அப்பா காலடியில் இருந்தது. லென்ஸ் கூட அவசியமில்லை, கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். வேரைப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நீலகிரியில் இந்தப் புழு இருப்பதை இங்கிலாந்திலிருந்து வந்த ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தது 1961-இல். பெண் புழு செத்தபின் அதன் உடம்பே கெட்டித் தோலாகி உள்ளே சில நூறு முட்டைகளைப் பொத்தி வைத்துக்கொள்ளும். உருளை வேரின் கசிவு மண்ணில் படுகிறவரை பெரும்பாலான முட்டைகள் பொரியாமல் காத்திருக்கும், இருபது வருடம் கூட. செருப்பில் ஒட்டிய மண்ணில், கொத்தில், விதைக்கிழங்கில் ஏறி அடுத்த தோட்டத்துக்குப் போகும். இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கூடாது என்று தடை வந்ததற்குக் காரணம் இதுதான். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கிற உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் இதற்குத் தாங்குகிற ரகமாகக் குஃப்ரி ஸ்வர்ணாவை எடுத்தார்கள், 1985-இல் வெளிவந்தது. ரகத்தை விட முக்கியம் பயிர் மாற்றுவது. உருளை இல்லாத வருடங்களில் கேரட், பீன்ஸ், பூண்டு, கோஸ் என்று போட்டால் புழு பட்டினியில் குறையும்.

இந்த ஒரு பாடத்தை வைத்தே ஒரு வருடம் ஓட்டலாம், டீச்சர். பிள்ளைகளை வீட்டுத் தோட்டத்திலிருந்து ஒரு டம்ளர் மண் கொண்டுவரச் சொல்லுங்கள். நிழலில் நன்றாகக் காய வைத்து, வெள்ளைப் பேசினில் தண்ணீர் விட்டுக் கலக்கினால் மண் அடியில் தங்கும், காய்ந்த முட்டைக்கூடுகள் குப்பையோடு மேலே மிதக்கும். ஓரத்தில் ஒரு துண்டு வெள்ளைக் காகிதத்தைச் சுற்றி வைத்தால் அதில் வந்து ஒட்டிக்கொள்ளும், எண்ணிவிடலாம். யார் தோட்டத்தில் எத்தனை, அங்கே போன மூன்று வருடம் என்ன பயிர் என்று பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் போய் அப்பாவிடம் சொல்வதற்கு ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு விஷயம் இருக்கும். சண்டைக்கு வந்தவர்களில் ஒருவராவது மறுபடி வருவார், இந்த முறை மண் பொட்டலத்தோடு. ஒரு எச்சரிக்கை: பார்த்து முடித்த மண்ணையும் தண்ணீரையும் பள்ளித் தோட்டத்தில் கொட்டிவிடாதீர்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிவிட்டுத்தான் அப்புறப்படுத்த வேண்டும், இல்லையென்றால் ஊர்ப் புழுவையெல்லாம் நீங்களே சேகரித்து வளர்த்தது போல ஆகிவிடும்.

ஆறு சென்ட்டை மூன்றாகப் பிரியுங்கள். உருளை, கேரட், பீன்ஸ். அடுத்த வருடம் ஒரு பங்கு தள்ளிப் போடுங்கள், உருளை பழைய இடத்துக்குத் திரும்ப நான்காவது வருடம் ஆகும். அதற்குள் இப்போதிருக்கும் பிள்ளைகள் எல்லோரும் பள்ளியை விட்டுப் போயிருப்பார்கள் அல்லவா? அதனால் நோட்டுப் புத்தகம் பிள்ளையுடையது இல்லை, பாத்தியுடையது. இந்தப் பாத்தியில் என்ன போட்டோம், எப்போது, என்ன எடை வந்தது என்று போகிறவன் எழுதி வைப்பதை வருகிறவன் படித்துவிட்டுத்தான் மண்ணைக் கிளற வேண்டும்.

கேரட்டில் ஒரு சோதனை வையுங்கள். இரண்டு பாத்தி, ஒரே விதை, ஒரே எரு, ஒரே நாள். ஒன்றில் மாதம் ஆனதும் நாற்றுக்கு நாற்று மூன்று விரல் இடம் விட்டுக் கலையுங்கள், மற்றதை அப்படியே விடுங்கள். முளைத்ததைப் பிடுங்கிப் போட எந்தப் பிள்ளைக்கும் மனசு வராது, தோட்டக்காரன் பிள்ளைக்கு இன்னும் வராது. கடைசியில் இரண்டையும் தராசில் வைக்கும்போது மொத்த எடையை மட்டும் பார்க்காமல், மண்டியில் எடுத்துக்கொள்கிற அளவில் எத்தனை கிலோ என்று பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். உரத்தையும் ரகத்தையும் விதைக்கிழங்கையும் ஒரே வருடத்தில் மாற்றிவிட்டு எதனால் கூடியது, எதனால் குறைந்தது என்று தெரியாமல் நின்றவர் மகன் நான்.

அமெரிக்காவில் 1908 வாக்கில் ஸ்டிம்சன் என்ற பள்ளித் தலைவர், பள்ளிக்கூடப் பண்ணையில் வேலை செய்தால் போதாது, ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு நிலத்தில் ஒரு பயிரைத் தன் பொறுப்பில் எடுத்து வரவு செலவு எழுத வேண்டும் என்று தொடங்கினார். 1917-இல் வந்த அவர்கள் சட்டத்தில் வேளாண் மாணவனுக்கு வருடத்தில் ஆறு மாதமாவது நேரடிப் பயிற்சி வேண்டும், பள்ளி நிலத்திலோ வேறு நிலத்திலோ, என்று எழுதிவிட்டார்கள். ஆறு மாதம் என்றால் ஒரு பயிர் முழுதாக அடங்கிவிடும். எனக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது, ஆனால் அப்படியே எடுத்தால் உங்கள் வகுப்பில் பாதிப்பேர் வெளியே நிற்பார்கள், அவர்களுக்கு ஏது நிலம்? ஆகவே பள்ளியின் ஆறு சென்ட்டை முதலில் அவர்கள் பெயரில் எழுதுங்கள். தோட்டம் உள்ளவன் வீட்டில் ஒரு பாத்தியை எடுத்துக்கொள்ளட்டும். கேரட் கழுவும் இடத்துக்குப் போகிற அம்மாவின் பிள்ளைக்கு எந்தக் கேரட் கழிவுக்குப் போகிறது, ஏன் கவை விட்டது, ஏன் வெடித்தது என்று தோட்டக்காரனை விட நன்றாகவே தெரிந்திருக்கும். அந்தப் பிள்ளையைக் கேளுங்கள்.

வரவு செலவுக்கு ஒரு மேட்டுப்பாளையம் மண்டிச் சீட்டு போதும். பெயரை மறைத்துவிட்டுக் கரும்பலகையில் எழுதுங்கள். மூட்டை எத்தனை, கிலோ என்ன விலை, கமிஷன், இறக்குகூலி, லாரி வாடகை, கையில் வந்தது எவ்வளவு. அப்புறம் விதை, எரு, ஆள்கூலி. வீட்டு ஆட்களின் கூலியையும் போடச் சொல்லுங்கள், அதைப் போட்டதும் பல கணக்கில் லாபம் காணாமல் போகும். யார் வீட்டுக் கடனையும் கேட்காதீர்கள், வகுப்பில் வைத்துப் பேசுகிற விஷயம் அல்ல.

மருந்து விஷயத்தில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. பிள்ளைகள் கையில் ஸ்பிரேயர் கூடாது, உதவிக்குக் கூட நிற்கக் கூடாது. காலி டப்பாவும் வேண்டாம், லேபிளை மட்டும் போட்டோ எடுத்து வந்து, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணங்களில் எது எவ்வளவு விஷம் என்று படிக்கச் சொல்லுங்கள். மேகம் இறங்கி நாலு நாள் விடாமல் மூடினால் உருளை இலையின் அடியில் காலையில் வெள்ளையாகப் படருகிறதா என்று பார்க்கப் பழக்குங்கள். அதுதான் கருகல் நோய். அது வருகிற நாளை முன்கூட்டிச் சொல்லத் தெரிந்த பிள்ளை, அப்பா மருந்து அடிப்பதில் இரண்டு தடவையாவது குறைப்பான்.

ஆகஸ்ட் கடைசியில் உருளை நட்டீர்களானால் அக்டோபர் கடைசியில் வேரைப் பிடுங்கிப் பார்க்கிற நாள் வரும். சனிக்கிழமையாக வைத்துக்கொண்டால் நானும் வருகிறேன். அந்த நண்பரின் லென்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அவர் திருப்பிக் கேட்கவில்லை.